அம்மாவோட 555 புக்கும் நான் போன நாலு இண்டர்வியூவும்

எங்கம்மா ரப்பர் பால் வெட்டுன தோட்டம் மலேசியாவுல கெடா மாநிலத்து பாடாங் செராய் பக்கம். இப்ப அங்க ரப்பர் மரம் ஒண்ணு கூட இல்ல, முழுக்க செம்பனை (எண்ணெய்ப் பனை), தொழிலாளிங்க வரிசையா இருந்த லயத்து வீடுங்களையும் இடிச்சாச்சு, நாங்க டவுன் ஓரமா ஒரு தாமானுக்கு, அதாவது குடியிருப்புக்கு, வந்து இருவது வருஷத்துக்கு மேல ஆச்சு. தாமான்ல பாதி வீட்டுல யாராவது ஒருத்தர் ஃபேக்டரிங்க நிறைஞ்ச கூலிம் ஹைடெக் பார்க்லதான் வேலை. 1996ல அத தொறந்தப்ப நான் மூணாங்கிளாஸ். அப்புறம் கொஞ்ச வருஷத்துல விடியறதுக்கு முன்னால பெரட்டுக்கு (தோட்டத்துல ஆள் கணக்கெடுக்கற இடத்துக்கு) நடந்து போன ஆளுங்களோட பிள்ளைங்க அதே நேரத்துக்கு ஃபேக்டரி பஸ்சுக்கு நின்னாங்க.

நான் 2006ல இருந்து அங்கதான், ஆபரேட்டரா நுழைஞ்சு, டெக்னீஷியன் ஆகி, இப்ப வேற கம்பெனியில ஒரு லைன பாத்துக்கறேன், ரெண்டு வருஷமா இண்டர்வியூ எடுக்கற பக்கமும் உக்காந்திருக்கேன். மேசைக்கு ரெண்டு பக்கமும் இருந்து பாத்ததுல ஒரு விஷயம் மனச ரொம்ப அறுக்குது. நம்ம பிள்ளைங்கள்ல வேலை தெரியாம தோத்தவங்கள விட, நல்லா தெரிஞ்ச வேலைய சொல்லாம விட்டு தோத்தவங்களத்தான் நான் அதிகம் பாக்கறேன். அதுக்காகத்தான் இத எழுதறேன், என்னோட அனுபவத்துல இருந்து மட்டும்.

முதல் இண்டர்வியூ பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. 2006, எஸ்பிஎம் (அஞ்சாம் படிவப் பரீட்சை) முடிச்சு ரெண்டு வருஷம், ஒரு மண்டபத்துல வாக்-இன், காலையில எட்டு மணிக்கே நீளமா கியூ. ஷிஃப்ட் செய்வியா, நின்னுக்கிட்டே வேலை செய்ய முடியுமான்னு கேட்டாங்க, ஒரு இடுக்கிய குடுத்து குட்டிக் குட்டி கம்பிய ஓட்டையில வைக்கச் சொன்னாங்க, கண்ணு செக் பண்ணாங்க, பத்து நிமிஷத்துல முடிஞ்சிச்சு. அடுத்த திங்கக்கிழமை வேலைக்குப் போயிட்டேன். ஆபரேட்டர் வேலைக்கு இன்னைக்கும் கிட்டத்தட்ட இப்படித்தான், ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட், ஐசி (அடையாள கார்டு) காப்பி, ஸ்கூல முடிச்சப்ப குடுத்த பெர்ஹெந்தி சர்ட்டிஃபிகேட், பாஸ்போர்ட் சைஸ் படம் எல்லாம் ஒரே ஃபைல்ல இருந்தா போதும். ஒரிஜினல் வீட்டுல இருக்குன்னு சொல்லி திரும்பிப் போன பிள்ளைங்கள அன்னைக்கே பாத்தேன்.

உண்மையான அடி ரெண்டாவது இண்டர்வியூலதான். 2014. எட்டு வருஷம் ஆபரேட்டர், சனி ஞாயிறு கிளாஸ் போயி டிப்ளோமா முடிச்சிட்டேன், வேற ஒரு கம்பெனியில டெக்னீஷியன் வேலை காலின்னு கேள்விப்பட்டு போட்டேன், கூப்பிட்டாங்க. உள்ள மூணு பேரு, ரெண்டு இஞ்சினியரு, ஒரு ஹெச்ஆர் அம்மா. உன்ன பத்தி சொல்லுன்னாங்க. பேரு, வயசு, ஊரு, எத்தனை பேரு கூடப் பொறந்தவங்க, அத்தோட நின்னுட்டேன். இப்ப செய்யற வேலைய சொல்லுன்னாங்க. "நாங்க மெஷின் ஓட்டுவோம் சார், ஜாம் ஆனா நாங்க கிளியர் பண்ணுவோம், பெரிய பிரச்சினைன்னா நாங்க மேல சொல்லுவோம்." நீ என்ன செய்வேன்னு ஒரு இஞ்சினியர் ரெண்டு தடவை கேட்டாரு, ரெண்டு தடவையும் நான் "நாங்க"ன்னுதான் சொன்னேன். சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கறேன்னு கேட்டதுக்கு கம்பெனி குடுக்கறத குடுங்க சார்னு சொல்லிட்டு வந்தேன்.

மூணு வாரம் ஒரு தகவலும் இல்ல. நாலாவது வாரம் நானே போன் போட்டேன், இத எல்லாரும் செய்யணும், போன் போட்டா மரியாதைக் குறைவுன்னு நினைச்சு வருஷக்கணக்கா நம்ம ஆளுங்க காத்திருக்காங்க. அந்த ஹெச்ஆர் அம்மா நல்லவங்க, உண்மைய சொன்னாங்க: எட்டு வருஷம் வேலை செஞ்சிருக்கன்னு ஃபாரம்ல தெரியுது, ஆனா அந்த எட்டு வருஷத்துல நீ என்ன செஞ்சேன்னு எங்க மூணு பேருக்கும் புரியலம்மா.

அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல. ஏன்னா எங்க லைன்ல மெஷின் நின்னா டெக்னீஷியனுங்களே என்னத்தான் வந்து கேப்பாங்க. "நான்"னு சொன்னா பெருமை பேசற மாதிரின்னு சின்ன வயசுல இருந்து பழக்கம், பெரியவங்க முன்னால அடக்கமா நிக்கணும், கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும். துரை வந்தா ஒதுங்கி நிக்கற தோட்டத்துல வளந்தவங்களுக்கு அந்தப் பழக்கம் எங்க இருந்து வந்துச்சுன்னு சொல்லத் தேவையில்ல. ஆனா தோட்டம் அத மட்டுமா சொல்லிக் குடுத்துச்சுன்னு யோசிச்சப்பதான் அம்மாவோட 555 புக்கு ஞாபகம் வந்துச்சு.

மலேசியாவுல வளந்த யாருக்கும் அந்தப் புக்க சொல்லித் தெரிய வேண்டியதில்ல, உள்ளங்கையில அடங்கற குட்டி நோட்டு, கடையில கடன் எழுதற புக்கு. அம்மா அதுல கடன் எழுதல. ஒவ்வொரு நாளும் பால் எடை போட்டு வந்ததும் கைய கூட சரியா கழுவாம பென்சிலால தேதிய போட்டு எத்தனை கிலோன்னு எழுதுவாங்க, மரத்துலயும் கோப்பையிலயும் காஞ்சு ஒட்டுன ஒட்டுப்பால் தனியா ஒரு வரி, வெட்டு இல்லாத நாளுக்கு "மழை"ன்னு ஒரே வார்த்தை. பக்கமெல்லாம் பால் கறை காஞ்சு பழுப்பா ஒட்டிக்கிட்டு இருக்கும், தொறந்தா அந்த புளிச்ச வாடை அடிக்கும். ஒரு மாசம் சம்பளம் குறையா வந்துச்சு, பாத்தா தோட்டத்து கணக்கர், கிராணின்னு சொல்லுவோம், அவரோட புக்குல எடை குறைச்சு இருக்கு. எழுதுனது எழுதுனதுதான்னு கிராணி சொன்னாரு. அம்மா சத்தம் போடல, அழுகவும் இல்ல, சட்டைப் பையில இருந்து 555 புக்க எடுத்து ஒண்ணாந்தேதியில இருந்து படிச்சாங்க. 21 கிலோ. 26 கிலோ. மழை. 24 கிலோ. பதினோராம் தேதி வர்றப்ப கிராணி அவரோட புக்க திருப்பி எடுத்து பாக்க ஆரம்பிச்சாரு, ரெண்டு நாள் எடைய பக்கத்து நிரையில வெட்டறவங்க பேருல ஏத்தியிருந்தாரு. காசு வந்துச்சு. நான் அப்ப அவங்க முந்தானைய பிடிச்சுக்கிட்டு நின்னேன், ஆறு வயசு இருக்கும்.

பெருமை பேசாம, குரல் உசத்தாம, தான் செஞ்சத நம்பரா சொல்லலாம்னு எங்கம்மா எனக்கு எப்பவோ காட்டிட்டாங்க.

ஹெச்ஆர் அம்மா கிட்ட பேசுன மறுநாள் பாசாருக்கு (சந்தைக்கு) போயி ஒரு 555 புக்கு வாங்குனேன். வேலை முடிஞ்சு பஸ்ல ஏறுனதும் எழுதுவேன். தேதி, எந்த மெஷின், என்ன ஆச்சு, நான் என்ன செஞ்சேன், அதுக்கப்புறம் என்ன நம்பர். உதாரணத்துக்கு ஒரு வரி அப்படியே சொல்றேன், ஹேண்ட்லர்னா யூனிட்ட கப்பால உறிஞ்சு தூக்கி வைக்கற மெஷின்: "ஹேண்ட்லர் 7, ஒரு ஷிஃப்ட்ல 14 ஜாம், சக்‌ஷன் கப் தேஞ்சிருக்கு, மாத்தச் சொல்லி காட்டுனேன், மறுநாள் 2." ஒண்ணு மட்டும் கவனம், கம்பெனியோட கஸ்டமர் பேரு, பார்ட் நம்பர் எதையும் எழுதாதீங்க, போட்டோ எடுக்கவே எடுக்காதீங்க, வேலைக்கு சேரும்போது ரகசியம் காப்போம்னு கையெழுத்து போட்டிருப்போம். நீங்க செஞ்சது உங்களோடது, அத எழுதிக்கலாம்.

ஒரு வருஷம் கழிச்சு, 2015, மூணாவது இண்டர்வியூ, இன்னொரு கம்பெனி, அதே டெக்னீஷியன் வேலை. மெஷின் அடிக்கடி நின்னா என்ன செய்வேன்னு கேட்டாங்க. அந்த ஹேண்ட்லர் 7 கதைய சொன்னேன். எழுதிட்டிருந்த இஞ்சினியர் பேனாவ கீழ வச்சுட்டு, கப்தான் பிரச்சினைன்னு உனக்கு எப்படி தெரியும்னாரு. "ஜாம் ஆன யூனிட்டு எல்லாமே ஒரே ஆர்ம்ல இருந்துதான் விழுந்திச்சு சார், மத்த மூணு ஆர்ம்லயும் ஒண்ணு கூட விழல, அதனால புரோகிராம் பிரச்சினையா இருக்காதுன்னு நினைச்சேன், அந்த ஆர்ம மட்டும் லைட் அடிச்சு பாத்தேன், கப்போட ஓரம் கிழிஞ்சிருந்துச்சு." பாதி இங்கிலீஷ், பாதி மலாய், இலக்கணம் பாத்து பேசல. ஆரம்பத்துலயே "டெக்னிக்கல் விஷயத்த மலாய்ல சொல்லலாமா"ன்னு கேட்டுட்டேன், தாராளமான்னு சொல்லிட்டாங்க. இங்கிலீஷ் வராதுன்னு பாதியில வாயடைச்சுப் போறத விட முதல்லயே கேட்டுர்றது நல்லது, நான் பாத்தவரைக்கும் யாரும் அதுக்கு மார்க் குறைச்சதில்ல. வேலை கிடைச்சுச்சு.

நாலாவது 2022ல, இப்ப இருக்கற கம்பெனி. முதல்ல போன்ல இருவது நிமிஷம், அப்புறம் ஆன்லைன்ல ஒரு டெஸ்ட்டு, அப்புறம் மூணு பேரு உக்காந்த பேனல், அப்புறம் மேனேஜர், கடைசியா ஹெச்ஆரோட சம்பளப் பேச்சு, மொத்தம் பதினோரு வாரம். டெஸ்ட்ட தவிர மத்த நாலு தடவையும் ஒரே கேள்விய வேற வேற ஆளு கேட்டாங்க, அதுல எரிச்சல் படாதீங்க, ஒருத்தர் கேட்டது இன்னொருத்தருக்கு பல நேரம் தெரியாது. ஒவ்வொருத்தர் முன்னாலயும் முதல் தடவை சொல்ற மாதிரியே முழுசா சொல்லுங்க. கல்யாணம் ஆச்சா, பிள்ளை இருக்கா, ராத்திரி ஷிஃப்ட்டுக்கு வீட்டுல விடுவாங்களான்னு என்னையும் கேட்டாங்க. ஆம்பளைங்கள அப்படி கேக்கறாங்களான்னு மனசுக்குள்ள கோபம் வந்திச்சு, வரத்தான் செய்யும், ஆனா நான் "எட்டு வருஷம் ராத்திரி ஷிஃப்ட் செஞ்சிருக்கேன், வீட்டுல ஏற்பாடு இருக்கு"ன்னு வேலைய பத்தின பதில மட்டும் குடுத்துட்டு அடுத்த கேள்விக்கு காத்திருந்தேன்.

சம்பளத்த பத்தி கொஞ்சம் நிதானமா சொல்லணும், ஏன்னா இதுலதான் நம்ம பிள்ளைங்க நிறைய ஏமாந்து போறாங்க. போன வருஷம் பக்கத்து வீட்டு பொண்ணுக்கு ரெண்டு ஆஃபர் வந்துச்சு. ஒண்ணு "மாசம் 3,400 வெள்ளி வரைக்கும் கிடைக்கும்"னு சொன்னாங்க, பேசிக் 2,100. இன்னொண்ணு பேசிக் 2,600, ஓ.டி. (ஓவர்டைம்) பெருசா இல்ல. வீட்டுல எல்லாரும் 3,400ஐத்தான் பிடிச்சுக்கிட்டாங்க. நான் அவளோட சமையல்கட்டு மேசையில உக்காந்து கணக்கு போட்டு காட்டுனேன். ஓ.டி. கணக்கு இப்படித்தான்: மாசச் சம்பளத்த 26ஆல வகுத்து, அத 8 மணி நேரத்தால வகுத்து, சாதாரண நாளுன்னா ஒன்றரை மடங்கு. 2,100க்கு அது மணிக்கு 15 வெள்ளி சில்லறை. மிச்சம் 1,300 வெள்ளி எடுக்கணும்னா 86 மணி நேரம் ஓ.டி. செய்யணும், அதாவது 26 நாளும் தினம் மூணு மணி நேரத்துக்கு மேல. சட்டம் மாசத்துக்கு 104 மணி நேரம் ஓ.டி. வரைக்கும் விடுது, அதனால அது தப்பில்ல, ஆனா உடம்பு தாங்கணும், ஆர்டர் குறைஞ்சா ஓ.டி. நின்னுரும். அதுக்கு மேல இபிஎஃப், அதாவது தொழிலாளர் சேமநிதி. ஓ.டி. காசுக்கு இபிஎஃப் பிடிக்க மாட்டாங்க. பேசிக்குக்கு மட்டும் பாத்தா, நம்ம 11 விழுக்காடு, முதலாளி 13 விழுக்காடு, 2,100க்கு மாசம் 504 வெள்ளி, 2,600க்கு 624 வெள்ளி. மாசம் 120 வெள்ளி வித்தியாசம், அது அவளோட வயசான காலத்து காசு. அவ 2,600ஐ எடுத்தா. மொத்தம் எவ்வளவுன்னு கேக்காதீங்க, பேசிக் எவ்வளவு, ஷிஃப்ட் அலவன்ஸ் எவ்வளவு, லீவு எடுத்தா எது வெட்டுவீங்கன்னு தனித்தனியா கேளுங்க. 2025 பிப்ரவரியில இருந்து குறைஞ்சபட்ச சம்பளம் 1,700 வெள்ளி ஆச்சு, ஆகஸ்ட்ல இருந்து சின்ன கம்பெனிங்களுக்கும் அதேதான், அதுக்குக் கீழ பேசிக் சொன்னா கையெழுத்து போடாதீங்க.

பின் வீட்டு தம்பிக்கு நடந்தத சொல்லியே ஆகணும், அவனே சொல்லச் சொன்னான். நல்ல கெட்டிக்காரன், மூணு ரவுண்டும் பாஸ், ஆஃபர் லெட்டர் கைக்கு வந்துச்சு, அன்னைக்கே பழைய வேலைய ராஜினாமா பண்ணிட்டான். கம்பெனி சொன்ன கிளினிக்குக்கு மெடிக்கல் போனான், நானும் கூட போயிருந்தேன். ரத்தம், எக்ஸ்ரே எல்லாம் சரி. கடைசியா நர்ஸ் ஒரு புக்க விரிச்சாங்க, வட்டத்துக்குள்ள கலர் கலரா புள்ளி, உள்ள ஒரு நம்பர் தெரியணும். முதல் பக்கம் 12, அது எல்லாருக்கும் தெரியும், அவனும் சொன்னான். அடுத்த பக்கம் அமைதியா இருந்தான். நர்ஸ் திருப்பினாங்க. அதுவும் தெரியல. பக்கத்துல நின்ன எனக்கு பளிச்சுன்னு தெரியுது, அவன் புக்க கிட்ட கொண்டு போயி, தூர வச்சு, வெளிச்சத்துக்கு திருப்பி பாத்தான். 24 வயசு வரைக்கும் அவனுக்கு சிவப்பும் பச்சையும் சரியா பிரிஞ்சு தெரியலன்னு அவனுக்கும் தெரியாது, வீட்டுலயும் தெரியாது. கலர் வயரும் சிக்னல் லைட்டும் பாக்கற வேலை, கம்பெனி ஆஃபர திருப்பி எடுத்துக்கிச்சு. லெட்டர்ல மெடிக்கல் பாஸ் ஆனாதான் செல்லும்னு ரெண்டாவது பக்கத்துல ஒரு வரி இருந்துச்சு, யாரும் படிக்கல. பழைய இடத்துல அதுக்குள்ள வேற ஆள எடுத்துட்டாங்க, நாலு மாசம் வீட்டுல இருந்தான். இப்ப அதே பார்க்ல ஒரு கிடங்குல ஸ்டாக் பாக்கற வேலை, நல்லா இருக்கான்.

அதனால எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரிக்கு அப்ளை பண்றதுக்கு முன்னாலயே கண்ணாடிக் கடையிலயோ கிளினிக்லயோ அந்த கலர் டெஸ்ட்ட பாத்துருங்க, முக்கியமா பையனுங்க, அவங்களுக்குத்தான் இது அதிகம். மெடிக்கல் பாஸ்னு எழுத்துல வந்த பிறகுதான் ராஜினாமா. உடனே வந்து சேருன்னு புது கம்பெனி அவசரப்படுத்துனா, நோட்டீஸ் காலம் இருக்குன்னு சொல்லுங்க, யாரும் தப்பா எடுக்க மாட்டாங்க. உங்க பழைய காண்ட்ராக்ட்ல நோட்டீஸ் பத்தி ஒண்ணும் இல்லன்னா சட்டப்படி ரெண்டு வருஷத்துக்குள்ள வேலை செஞ்சிருந்தா 4 வாரம், ரெண்டுல இருந்து அஞ்சு வருஷம்னா 6, அஞ்சும் அதுக்கு மேலயும்னா 8.

ஏஜெண்டு விஷயம் சுருக்கமா. வேலைக்கு முன்னாலயே யூனிஃபார்ம் டெபாசிட், மெடிக்கல் டெபாசிட்னு வாட்ஸாப்ல காசு கேட்டா போடாதீங்க. ஏஜென்சி நடத்தணும்னா 1981ஆம் வருஷத்து சட்டப்படி லைசென்ஸ் வேணும், லைசென்ஸ காட்டச் சொல்லுங்க, சந்தேகம்னா லேபர் ஆபிஸ்ல கேளுங்க. காசு போட்டுட்டீங்கன்னா வெக்கப்பட்டு மறைக்காம உடனே மோசடி புகாருக்கான 997க்கு போன் அடிங்க, நேரம் போகப் போக அந்தக் காசு கை மாறிரும்.

இப்ப நான் இருக்கற பக்கத்த பத்தி. பேனல்ல உக்காந்தா கையில ஒரு ஃபாரம் இருக்கும், ஒவ்வொரு தலைப்புக்கும் மார்க், பக்கத்துல ஏன் அந்த மார்க்னு எழுத ரெண்டு வரி இடம். ஒருத்தருக்கு அரை மணி நேரம். நல்ல பிள்ளைன்னு எனக்குத் தெரிஞ்சாலும் அந்த ரெண்டு வரியில எழுத அவங்க எனக்கு ஏதாவது குடுக்கணும். "கடுமையா உழைப்பேன்"னு சொன்னா அங்க எழுத ஒண்ணுமில்ல. "போன வேலையில ஆறு மாசம் ஒரு நாள் கூட எம்.சி. (மெடிக்கல் லீவு) எடுக்கல, சுபெர்வைசர் இல்லாத நாள்ல ரெண்டு தடவை லைன நான் பாத்தேன்"னு சொன்னா நான் எழுதறதுக்கு ரெண்டு வரி கிடைச்சிரும், மத்த ரெண்டு பேரு கிட்ட அந்தப் பிள்ளைக்காக பேசவும் எனக்கு பிடி கிடைக்கும். தெரியாதத தெரியாதுன்னு சொல்லிட்டு, எப்படி கண்டுபிடிப்பேன்னு ஒரு வார்த்தை சேத்தா அதுக்கும் மார்க் உண்டு.

கம்பெனிங்க பக்கம் தப்பே இல்லன்னு நான் சொல்லல. ஒரு நாள் இண்டர்வியூ லேட்டாகி லேட்டாகி மத்தியானம் மூணு மணிக்கு முடிஞ்சுச்சு, கேட்டுல காவலாளி ரூம் பக்கத்துல ஒரு அப்பா ஹெல்மெட்ட மடியில வச்சுக்கிட்டு மோட்டர்லயே காலையில இருந்து உக்காந்திருந்தாரு, மகளுக்காக. அவ எடுபடல, ஒரு மாசமாகியும் அவளுக்கு யாரும் தகவல் சொல்லல. அந்த அப்பாவோட முகம் என்ன விடல. நான் ஹெச்ஆர் கிட்ட போயி, கிடைக்காதவங்களுக்கும் ஒரு மெசேஜ் போகணும், ரெண்டு வாரத்துக்குள்ளன்னு கேட்டேன், மூணு மீட்டிங் கேட்டுக்கிட்டே இருந்தேன், இப்ப எங்க டிபார்ட்மெண்டுல போகுது. எல்லா கம்பெனியும் செய்யணும், ரெண்டு நிமிஷ வேலை அது.

இப்ப ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எங்க கோயில் மண்டபத்துல ஏழெட்டு பிள்ளைங்க வர்றாங்க, நான் கேள்வி கேப்பேன், அவங்க "நாங்க"ன்னு ஆரம்பிச்சா நிறுத்திருவேன். போன வாரம் புதுசா வந்த பொண்ணு எஸ்பிஎம் முடிச்சவ, வியாழக்கிழமை அவளுக்கு இண்டர்வியூ, எனக்கு அனுபவமே இல்லக்கான்னு கண்ணு கலங்குனா. அவங்கப்பாவுக்கு ரோட்டி சானாய் கடை, படிவம் மூணுல இருந்து சனி ஞாயிறு மாவு பிசையறது அவதான். சனிக்கிழமை எவ்வளவு மாவுன்னு கேட்டேன். 8 கிலோ, 120 உருண்டை கிட்ட வரும், காலையில பதினோரு மணிக்குள்ள தீந்துரும், முந்தின ராத்திரி மழை பேஞ்சா 6 கிலோவா குறைச்சிருவேன், இல்லன்னா மிச்சமாயிரும்னா. அத எப்படி கண்டுபிடிச்சேன்னு கேட்டதுக்கு, நாலு வாரம் எழுதி பாத்தேங்க்கான்னு சொன்னா.

நான் பைக்குள்ள இருந்து புது 555 புக்கு ஒண்ணு எடுத்து குடுத்தேன். அவ முதல் பக்கத்துல தேதி போட்டுட்டு நிமிந்து பாத்தா. "கிலோவா எழுதறதா, உருண்டை கணக்கா எழுதறதாக்கா?"

ரெண்டையும் எழுதுன்னேன்.